முகவரித் தாள் போதவில்லை: குடிநோய் மீட்சியில் ஆதரவுக் குழுவைக் கண்டடைதல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மதுவை நிறுத்திய ஒருவருக்கு ஆதரவுக் குழுவைக் காட்டிக்கொடுப்பது என்றால், பெரும்பாலான சிகிச்சைப் பிரிவுகளில் அதற்கு ஒரே பொருள்தான்: வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டோடு சேர்த்து, கூட்டங்கள் நடக்கும் இடமும் நேரமும் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுப்பது. நாங்களும் பல ஆண்டுகள் அதையே செய்துவந்தோம். தாளைக் கொடுத்துவிட்டு, 'குழுவுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்' என்று கோப்பில் எழுதியதோடு கடமை முடிந்ததாகக் கருதினோம். அந்தத் தாள் எங்கே தோற்றது, அதன் இடத்தில் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். இதில் வருபவர் தனி ஒருவர் அல்லர். ஆலோசனைப் பணியில் பலரிடம் கண்டவற்றை ஒருவர்மேல் ஏற்றி, யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கி எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 44. அச்சகத்தில் இயந்திரம் இயக்குபவர். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று முறை மாறி வரும் வேலை. மனைவியும் பள்ளியில் படிக்கும் மகளும் உடனிருக்கிறார்கள். இருபதுகளின் நடுவில் நண்பர்களோடு தொடங்கிய குடி, தனியே குடிப்பதாகி, கடைசி இரண்டு ஆண்டுகளில் காலைக் கை நடுக்கத்தை அடக்கக் குடிப்பதில் வந்து நின்றது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்கும் 10 கேள்விகள் கொண்ட 'ஆடிட்' வினாத்தாளில் அவர் 40-க்கு 27 பெற்றார். 20-ஐத் தொட்டாலே மதுச் சார்புநிலை இருக்கக்கூடும் என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு குடிநோய்க்குக் குறிப்பிடும் 11 அறிகுறிகளில் 8 அவரிடம் இருந்தன. 6 இருந்தாலே அது தீவிர நிலை.

முந்தைய ஆண்டு அவர் யாரிடமும் சொல்லாமல், மருத்துவர் துணையும் இல்லாமல், ஒரே நாளில் குடியை நிறுத்திப் பார்த்திருந்தார். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். நெடுங்காலம் தினமும் குடித்த உடலில் மது திடீரென நின்றால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில், இல்லாததைக் காணுதல், குழப்பம், கடும் காய்ச்சல் ஆகியவற்றோடு கூடிய பிதற்றல் நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழுவைப் பற்றிய ஆய்வில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனைக்குப் போக வெட்கப்பட்டு, 'முதலில் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறேன்' என்று இந்த நிலையிலேயே குழுவைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். கை நடுங்கக் காலையில் குடிக்கும் ஒருவருக்கு முதல் இடம் மருத்துவரிடம்தான். குழு அதன் பிறகு. இவர் 7 நாள்கள் உள்நோயாளியாக இருந்து, மேற்பார்வையில் மதுவை நிறுத்தி, தயமின் (வைட்டமின் பி1) ஊசிகள் பெற்று, குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரையோடும் எங்கள் தாளோடும் வீடு திரும்பினார்.

தாளில் இருந்த ஐந்து முகவரிகள்

தாளில் ஐந்து கூட்டங்கள் இருந்தன. ஐந்துமே, குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. அமைப்பின் கூட்டங்கள். முதல் இடத்துக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. அந்தக் குழு சில மாதங்களுக்கு முன்பே வேறு இடத்துக்கு மாறியிருந்தது. இரண்டாவது கூட்டம் அவருடைய இரவு முறை வாரத்தில் வந்தது. மூன்றாவது இடத்தில் எதிர்ப்பக்கம் 20 நிமிடங்கள் நின்றார். உள்ளே நுழைந்த ஒருவர் தம்மோடு வேலை செய்பவரைப் போலத் தெரிந்ததால் திரும்பிவிட்டார். நான்காவது இடத்தில் உள்ளே போய் உட்கார்ந்தார். ஐந்தாவதை அவர் தேடவே இல்லை.

அந்த நான்காவது கூட்டத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கெட்டது பெரும்பாலும் அங்கேதான் கெட்டது. அன்று, மீட்சிக்கு ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் மூன்றாவதைப் பற்றிய வாசிப்பு நடந்தது. கடவுள் என்று அவரவர் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றிடம் தம்மை ஒப்படைப்பதைப் பற்றிய படி அது. இவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டு, தம் முறை வந்தபோது, முந்தைய ஆண்டு வந்த வலிப்பையும் மகள் அதைப் பார்த்துவிட்டதையும் முதல் முறையாக வெளியாள்கள் முன் சொன்னார். சொல்லி முடித்ததும் எல்லாரும் 'நன்றி' என்றார்கள். அடுத்தவர் தம் கதையைத் தொடங்கிவிட்டார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'சுவரிடம் பேசியது போல இருந்தது' என்று பின்னர் எங்களிடம் சொன்னார். கூட்டம் முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டார்.

அந்த மௌனம் அலட்சியம் அன்று. ஒருவர் பகிர்ந்ததற்கு மற்றவர் பதில் சொல்வதோ, அறிவுரை கூறுவதோ, குறுக்கே பேசுவதோ கூடாது என்பது ஏ.ஏ. கூட்டங்கள் பலவற்றின் வழக்கம். தீர்ப்புக்கு அஞ்சாமல் பேசுவதற்காகவே அந்த வழக்கம் இருக்கிறது. ஆறுதல் பேச்சும், தொலைபேசி எண் பரிமாற்றமும், 'அடுத்த வாரமும் வாருங்கள்' என்ற அழைப்பும் கூட்டம் முடிந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நடக்கும். இதை அறியாத ஒருவர் முன்னதாகவே எழுந்து போனால், கூட்டத்தின் பாதியை, அதுவும் புதியவருக்கு வேண்டிய பாதியை, இழந்துவிட்டுப் போகிறார். இதை அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? தாளைக் கொடுத்த நான்தான்.

வீடு திரும்பிய 19-ஆம் நாள் அவர் மீண்டும் குடித்தார். 23-ஆம் நாள் மனைவியோடு வந்து நின்றார். அன்று கோப்பில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதினேன். மறுநாள் அவர் ஒவ்வொரு முகவரியாக நடந்ததைச் சொல்லக் கேட்ட பிறகே, ஒத்துழைப்பு யார் பக்கம் குறைந்திருந்தது என்பது விளங்கியது. ஐந்தில் நான்கு முகவரிகளை முயன்று பார்த்தவரிடம் விருப்பம் இல்லை என்று எழுதுவதற்கு எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

மறு முயற்சி

1981-இல் சிசன், மாலம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்குக் கூட்டம் பற்றிய தகவலும் போய்வாருங்கள் என்ற ஊக்கமும் மட்டும் தரப்பட்டன. மறு பாதியினருக்கு, ஆலோசனை அறையிலிருந்தே குழு உறுப்பினர் ஒருவரோடு தொலைபேசியில் பேசவைத்து, அவர் துணையோடு முதல் கூட்டத்துக்குப் போக ஏற்பாடு செய்யப்பட்டது. முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. இரண்டாம் பாதியில் பத்துப் பேரும் போனார்கள். 20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதைக்கொண்டு பெரிய முடிவுக்கு வரக் கூடாது என்பது உண்மை. ஆனாலும் எங்கள் தாள் அந்த ஆய்வின் முதல் பாதியில்தான் இருந்தது என்பதை மறுக்க வழியில்லை.

ஏ.ஏ. பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2020-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வையும் (பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அறிக்கை) இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய அந்த மதிப்பாய்வில், ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள், ஏ.ஏ.-யோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 42 விழுக்காடு; அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளைப் பெற்றவர்களில் சுமார் 35 விழுக்காடு. 'ஏ.ஏ. பலன் தருகிறது' என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் சோதிக்கப்பட்டது, ஒருவரைக் குழுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து, போனபின் என்ன நடந்தது என்று வாராவாரம் விசாரித்து, வந்த தடைகளைப் பேசித் தீர்க்கும் சிகிச்சையாளரின் வேலையும் சேர்ந்த ஒன்று. முகவரியை மட்டும் நீட்டுவதற்கு அந்த 42 விழுக்காட்டில் பங்கு கேட்க முடியாது.

இம்முறை நாங்கள் தாளைத் தொடவில்லை. அவருடைய அடுத்த இரண்டு மாதப் பணி முறை அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லி, எந்த மாலைகள் உண்மையில் கைவசம் இருக்கின்றன என்று குறித்தோம். ஏ.ஏ. உதவி எண்ணை அழைத்து, அந்த வாரம் நடக்கவிருக்கும் கூட்டங்களை அன்றைக்கே உறுதிசெய்தோம். இரவல் இடத்திலோ வாடகை அறையிலோ நடக்கும் கூட்டங்கள் இடம் மாறுவது இயல்பு. அச்சிட்ட பட்டியல் எதுவானாலும், புறப்படும் நாளில் ஒரு முறை அழைத்துக் கேட்காமல் போகக் கூடாது. பிறகு, அவர் ஒப்புதலோடு, எங்கள் அறையிலிருந்தே ஒரு குழுவின் மூத்த உறுப்பினரை அழைத்துத் தொலைபேசியை அவர் கையில் கொடுத்தோம். மூன்று நிமிடங்களுக்கு மேல் அவர்கள் பேசவில்லை. செவ்வாய் மாலை ஆறரைக்கு வாசலில் நிற்பதாகவும், தாம் என்ன நிறச் சட்டை அணிந்திருப்பார் என்பதையும் மறுமுனையில் இருந்தவர் சொன்னார். அதைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த தெளிவை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். தெரியாத ஓர் அறைக்குள் தனியே நுழைய அஞ்சியவருக்கு, சட்டையின் நிறம் ஒரு பெரிய தகவல்.

போவதற்கு முன் அவரிடம் மூன்று விஷயங்களைச் சொன்னோம். பேசுவது கட்டாயம் இல்லை. 'இன்று கேட்க வந்திருக்கிறேன்' என்றால் போதும். பேசினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அது வழக்கம். முடிந்த பிறகு 15 நிமிடங்களாவது இருந்துவிட்டு வர வேண்டும். தெரிந்தவர் யாராவது இருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். அவரும் இவர் வந்த அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார் என்பதைத் தவிர இதற்குப் பெரிய பதில் இல்லை. ஆனாலும், குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதை நிறுத்த விரும்புபவர்களும் மட்டும் கலந்துகொள்ளும் 'மூடிய கூட்டம்' என்றும், குடும்பத்தினர், மாணவர், யாரும் வந்து கேட்கக்கூடிய 'திறந்த கூட்டம்' என்றும் இரு வகை இருப்பதை விளக்கி, மூடிய கூட்டத்தையே தேர்ந்தோம். பெயர்ப் பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது. சேர ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். செலவை உறுப்பினர்களே தட்டில் போடும் காசில் பார்த்துக்கொள்கிறார்கள், வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை.

எந்தக் குழு?

முதல் செவ்வாய்க்குப் பிறகும் கடவுள் பற்றிய சிக்கல் இருந்தது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஏ.ஏ., அக்காலத்துச் சமய இயக்கம் ஒன்றிலிருந்து கிளைத்தது. அந்தச் சாயல் அதன் வாசகங்களில் இன்றும் இருக்கிறது. 'கடவுள் என்பதற்குப் பதில் இந்தக் குழுவையே நினைத்துக்கொள்ளுங்கள்' என்று உறுப்பினர்கள் சொல்வது பலருக்கு உதவுகிறது. இவருக்கு அது பாதிதான் உதவியது. அதனால் இரண்டாவதாக, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பின் இணையவழிக் கூட்டத்தையும் பார்க்கச் சொன்னோம். அங்கே உயர்சக்தி பற்றிய பேச்சு இல்லை. குடிக்கும் உந்துதல் எழும்போது அதை எப்படிக் கடப்பது, எந்த எண்ணம் அதற்கு முன் வருகிறது என்பவற்றை, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில், ஒருவருக்கொருவர் பேசியே ஆராய்கிறார்கள். 'சுவரிடம் பேசுவது' என்ற அவருடைய குறை அங்கே தீர்ந்தது. இரவு முறை வாரங்களில் பகலில் கலந்துகொள்ளக்கூடிய கூட்டம் கிடைத்ததும் ஒரு வசதி.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை. குழுக்களுக்கு இடையே எது சிறந்தது என்ற வாதம் குழுவுக்குப் போகாதவர்களுக்கே அதிகம் பிடிக்கிறது என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக ஒரே ஏற்பாடு செய்துகொண்டோம்: எந்தக் குழுவையும் ஆறு கூட்டங்கள் முடியும் முன் வேண்டாம் என்று முடிவு செய்வதில்லை, ஆறுக்குப் பிறகு வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் வேறு குழு தேடுவது. 90 நாள்களில் 90 கூட்டங்கள் என்று ஏ.ஏ.-யில் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. முறை மாறி வேலை செய்பவருக்கு அது முதல் வாரத்திலேயே தோல்வியாக முடியும். வாரம் இரண்டு என்று வைத்தோம்.

ஒரு குழு நல்லதா என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்று மனைவி கேட்டார். சுவரில் எழுதியிருப்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது. மீண்டும் குடித்துவிட்டு வந்தவர் அந்த அறைக்குள் நுழையும்போது மற்றவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்கச் சொன்னேன். பல ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவர்களும் நேற்று வந்தவர்களும் கலந்திருக்கும் அறை, ஒரே வகையினர் மட்டும் இருக்கும் அறையைவிட நல்லது. யாராவது பணம் கேட்டாலோ, எதையாவது விற்க முயன்றாலோ, புதிதாக வந்த பெண்ணிடமோ ஆணிடமோ தனிப்பட்ட நெருக்கம் தேடினாலோ, அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும். பெண்களுக்குத் தனிக் கூட்டங்கள் இருப்பதும் 1975-இல் விமன் ஃபார் சோப்ரைட்டி என்ற தனி அமைப்பே தோன்றியதும் வெறும் விருப்பத்தால் அல்ல.

மாத்திரையால் வந்த சிக்கல்

ஐந்தாம் வாரத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. கூட்டம் முடிந்தபின் பேச்சோடு பேச்சாக அவர் நால்ட்ரெக்சோன் சாப்பிடுவதைச் சொல்ல, ஓர் உறுப்பினர், 'ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்திருக்கிறீர்கள்' என்று கூறிவிட்டார். மறுநாளிலிருந்து இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களிடம் அதைச் சொன்னது நான்கு நாள் கழித்து. நால்ட்ரெக்சோன் அடிமையாக்கும் மருந்து அன்று. மது மூளையில் எழுப்பும் இன்ப உணர்வின் ஒரு வழியை அடைத்து, குடிக்கும் வேட்கையைத் தணிக்கிறது. நிறுத்தினால் நடுக்கமோ ஏக்கமோ வராது. மருத்துவர் போல நடந்துகொள்ளக் கூடாது என்று ஏ.ஏ.-யின் சொந்த வெளியீடுகளே உறுப்பினர்களுக்கு அறிவுறுத்துகின்றன. வாசலில் நின்று அழைத்துப்போன அந்த மூத்த உறுப்பினரிடம் இவர் கேட்டபோது, 'உங்கள் மருந்து உங்கள் மருத்துவர் விஷயம், அதைக் கூட்டத்தில் வாக்குக்கு விட வேண்டாம்' என்றாராம். மாத்திரை மீண்டும் தொடங்கியது. அவரையே ஸ்பான்சராக, அதாவது புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, இருக்கச் சொல்லி இவர் கேட்டதும் அந்த வாரத்தில்தான்.

குடும்பம்

மனைவி அதுவரை செய்துவந்தது காவல் வேலை. பையைச் சோதிப்பது, மூச்சை மோந்து பார்ப்பது, கூட்டத்துக்குப் போனாரா என்று தொலைபேசியில் உறுதிசெய்வது. 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக உருவான அல்-அனான் பற்றிச் சொன்னபோது, 'குடித்தவர் அவர், கூட்டத்துக்கு நான் ஏன் போக வேண்டும்?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் மூன்று கூட்டங்களுக்குப் போனார். நோய்க்குக் காரணம் நான் அல்ல, அதைக் கட்டுப்படுத்தவும் என்னால் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்லப்படும் வாசகம் தமக்குக் கொஞ்சம் தூக்கத்தைத் தந்ததாகச் சொன்னார். பிறகு போகவில்லை, நாங்களும் வலியுறுத்தவில்லை. பையைச் சோதிப்பது மட்டும் நின்றுவிட்டது.

சறுக்கலும் அதன் பிறகும்

நான்காம் மாதத்தில், அச்சகத்தில் ஒருவர் ஓய்வுபெற்ற மாலையில், அவர் குடித்தார். அளவு குறைவு என்றார். அளவை நாங்கள் கேட்கவில்லை. முன்பு 19-ஆம் நாள் குடித்தபோது, நான்கு நாள் குடித்து, மனைவி இழுத்து வந்த பிறகே எங்களை அடைந்தார். இம்முறை மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்பான்சரை அழைத்தார். அன்று பிற்பகல் மருத்துவரைப் பார்த்தார். இரண்டாம் நாள் கூட்டத்தில் உட்கார்ந்து, நாள் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குவதாகச் சொன்னார். அந்த அறையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. எட்டு ஆண்டுகள் குடிக்காமல் இருந்த ஒருவர், தாம் ஐந்து முறை ஒன்றிலிருந்து தொடங்கியவர் என்றாராம்.

அதற்குப் பிறகு இந்த ஆய்வை எழுதும் 14-ஆம் மாதம் வரை அவர் குடிக்கவில்லை. அவர் சொல்வதும் மனைவி சொல்வதும் ஈரல் நொதிப் பரிசோதனைகளும் ஒத்துப்போகின்றன. இதில் குழுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை ஒன்பது மாதங்கள் தொடர்ந்தது. ஆறாம் மாதத்தில் அச்சகத்தில் அவருக்கு நிலையான பகல் முறை கிடைத்தது. வீட்டில் காவல் நின்றது. எல்லாம் ஒன்றாக நடந்தன. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: முதல் சறுக்கலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மாறியது, அழைப்பதற்கு ஓர் எண் கையில் இருந்ததுதான். அந்த எண் அச்சிட்ட தாளில் இருந்து வந்ததன்று.

இணையவழிக் கூட்டத்துக்கு அவர் இப்போது போவதில்லை. ஏ.ஏ.-யில் தொடர்கிறார், மூன்றாவது படியைப் பற்றி இன்னும் உடன்பாடு இல்லை என்பதைக் கூட்டத்திலேயே சொல்கிறாராம். எங்கள் பிரிவில் இப்போது வீட்டுக்கு அனுப்பும் படிவத்தில் 'பரிந்துரைக்கப்பட்டார்' என்ற கட்டம் இல்லை. யாரோடு பேசவைக்கப்பட்டார், எந்த நாளில் எங்கே சந்திக்கிறார், சந்தித்தாரா என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. மூன்றாவது கட்டம் அடிக்கடி வெறுமையாக இருக்கிறது. அப்படி இருக்கும்போது யாராவது ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் அவருடைய மறுபார்வை நாள் ஒரு செவ்வாயில் விழுந்தது. அன்று மாலை கூட்டம் இருப்பதால் வர இயலாது, வியாழனுக்கு மாற்றித் தர முடியுமா என்று அவரே அழைத்துக் கேட்டார். மாற்றிக்கொடுத்தோம்.